ரோதைமுனி காவல் நின்ற ஸ்டோர்: மலையகத்தில் மெஷினோடு 150 வருஷம்

மலையகத்துச் சாமிகளின் பட்டியலில் மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் இருக்கிறார்கள். அவர்களோடு, வேறு ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாத சில பெயர்களும் இருக்கின்றன. கவ்வாத்து வெட்டுக்கு ஒரு கவ்வாத்துச்சாமி. கொழுந்துக்கு ஒரு கொழுந்துச்சாமி. தேயிலைத் தொழிற்சாலைக்கு, அதாவது நம்ம ஆளுங்க சொல்லுற 'ஸ்டோரு'க்கு, ரோதைமுனி.

ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. ஸ்டோருக்குள் சுழலும் சக்கரத்துக்குப் பெயராகி, கடைசியில் ஒரு முனிக்கும் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்த சாமி இல்லை இது. மெஷினைப் பார்த்த பிறகு பிறந்த சாமி.

மூடநம்பிக்கைனு சிரிச்சிட்டுப் போறது சுலபம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தன்னைவிட பல மடங்கு பலமான, தூங்காத, வலி தெரியாத ஒரு பொருளுக்குப் பக்கத்தில் தினமும் நிற்க வேண்டியிருந்த மனிதர்கள், அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். பூசை போட்டார்கள். "பாத்து நில்லு" என்பதை ஒருத்தருக்கொருத்தர் நினைவூட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. மனிதக் காரணிகள் என்று அதைச் சொல்கிறார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் கவனம், களைப்பு, பயம், நம்பிக்கை இதெல்லாம் என்ன ஆகிறது என்று ஆராய்கிற துறை. கார் கம்பனிகளில் ரோபோவும் மனுசனும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி அதில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் மலைகளில் அதே கதை 150 வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அதை எழுதியவர்கள்தான் குறைவு.

வராந்தாவிலிருந்து ஸ்டோருக்கு

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டபோது தொழிற்சாலை என்று ஒன்று இல்லை. அவருடைய பங்களா வராந்தாதான் தொழிற்சாலை. மேசையில் இலையைக் கொட்டி கையாலேயே உருட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் டெய்லர் தானே ஒரு உருட்டும் மெஷினைச் செய்தார். அதே 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்பவர் செய்த ரோலர் பரவத் தொடங்கியது. 1880களில் பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்தி வந்தது. கொழும்பு வாக்கர் கம்பனியும் இங்கேயே தேயிலை மெஷின்கள் செய்ய ஆரம்பித்தது.

இதற்கிடையில் 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியைச் சாப்பிட்டு முடித்திருந்தது. கோப்பி போன இடமெல்லாம் தேயிலை ஏறியது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த ரயில்பாதை, வட்டவளை, ஹட்டன் வழியாக 1885இல் நானுஓயாவை எட்டியது. ரயில் வந்த பிறகு பாரமான இரும்பு மெஷின்களை மலைக்கு ஏற்றுவது லேசானது.

வட்டவளையைப் பற்றி ஒன்று சொல்லணும். இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று இது. வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மலை, ரயில்பாதை, லயம் எல்லாம் மாசக்கணக்கில் நனைந்தே இருக்கும். நனைந்த கொழுந்து சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். அதனால் பறித்த அன்றைக்கே ஸ்டோருக்குப் போகணும். மாடியில் பரப்பி, இரவு முழுக்கக் காற்றுக் கொடுத்து வாட்டி, விடியுமுன் ரோலரில் போடணும். அப்புறம் புளிக்க வைக்கணும், சூடு காட்டணும், சலிக்கணும். பகல் இரவு என்ற கணக்கை ஸ்டோரில் இலைதான் போட்டது. இலையின் பின்னால் மெஷின் ஓடியது, மெஷினின் பின்னால் மனுசன் ஓடினான்.

அந்தக் கால ஸ்டோருக்கு ஒரு அமைப்பு இருந்தது. தண்ணீர் விசையோ எண்ணெய் இன்ஜினோ ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து தோல் வார்கள் ஒவ்வொரு ரோலருக்கும் சலிப்பானுக்கும் இறங்கும். ஒரு ரோதை சுற்றினால் எல்லாம் சுற்றும். தனித்தனியாக மோட்டார் இல்லை, அதனால் தனக்கு முன்னால் இருக்கும் ரோலரை மட்டும் நிறுத்தணும் என்றால்கூட வாரைக் கழற்றிவிடணும். ஓடுகிற வாரைத் தள்ளுவதும் மாட்டுவதும்தான் உலகமெங்கும் ஆலைத் தொழிலாளியின் கையை எடுத்த வேலை. வேட்டி நுனி மாட்டினால் போதும். அதுவும் விடியுமுன் மூணு மணி, நாலு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில். மனித உடம்பின் கவனம் மிகவும் சரிகிற நேரம் அது என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. ரோதைமுனி அங்கே ஏன் பிறந்தார் என்பது இப்போது விளங்கும்.

நிறுத்துகிற உரிமை யாருக்கு?

மெஷினோடு வேலை செய்பவருக்கு முதல் கேள்வி, அது எவ்வளவு வேகம் என்பதில்லை. யாரால் அதை நிறுத்த முடியும் என்பதே.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் நிறுத்துகிற உரிமை துரையிடம் இருந்தது. அவருக்குக் கீழே டீமேக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி. தொழிலாளி கடனில் கட்டுண்டு கிடந்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக கடன் தீர்ந்ததாகத் 'துண்டு' வேணும். அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இல்தான். வேலையை விட்டே போக முடியாதவன் ரோலரை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்லுவான்?

1930களில் நிலைமை அசைந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் கட்டினார். 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. கை போனால் அதற்கு ஒரு விலை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம் அது. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். வேலையை நிறுத்துவது என்பதன் விலை அன்றைக்கு அதுவாக இருந்தது. 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சுழலும் தண்டுக்கும் வாருக்கும் தடுப்பு போடணும், ஆபத்தான பாகங்களை மூடணும் என்பதெல்லாம் அப்போது சட்டமானது.

ஆனால் அந்தச் சட்டம் வந்து ஆறே வருஷத்தில், 1948இல், அந்த வாருக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்களில் பெரும்பாலானோர் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கப்பட்டார்கள். அடுத்த வருஷம் வாக்கும் போனது. மெஷினுக்குத் தடுப்பு போடச் சொன்ன அதே நாடு, அதன் முன்னால் நிற்பவர் தன் நாட்டுக்காரர் இல்லை என்றது. பாதுகாப்பு விதி என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, "இது உடைஞ்சிருக்கு, நான் இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லத் தொழிலாளிக்குத் தைரியம் வேணும். நாடற்றவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

ரோபோவின் கதையிலும் இதேதான் நடந்தது. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. 1979 ஜனவரி 25இல், மிச்சிகனில் ஃபோர்ட் ஆலை ஒன்றில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் ரோபோக் கை அடித்து இறந்தார். சாமான் அடுக்கிய தட்டில் இருப்பை மெஷின் சரியாகக் காட்டவில்லை. எடுத்துவரச் சொன்னார்கள், ஏறினார். மெஷின் நிறுத்தப்படவில்லை. வேலை நிற்கக் கூடாது என்ற அவசரம்தான், லெதர் வாரை ஓட ஓட மாட்டச் சொன்ன காலத்திலும் இருந்தது, ரோபோ காலத்திலும் இருந்தது.

இப்போது மனிதருக்குப் பக்கத்திலேயே, கூண்டு இல்லாமல் நிற்கும் 'கூட்டு ரோபோ'க்கள் வந்திருக்கின்றன. அவை மனிதர்மேல் மோதினால் எவ்வளவு அழுத்தம் வரை பொறுக்கலாம் என்று 2016இல் ஒரு சர்வதேச வழிகாட்டி வெளியானது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரின் உடம்பில் 29 இடங்களில் வலி தொடங்கும் அளவைச் சோதித்து எடுத்த கணக்கு அதில் இருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் ஒரு அளவுகோல் வரும்போது அது யாருடைய உடம்பை வைத்து எடுத்தது என்று கேட்கப் பழகணும். மழையில் எட்டு மணி நேரம் நின்ற உடம்புக்கும் அதே அளவு பொருந்துமா?

மூக்கால் பார்க்கிற வேலை

ஸ்டோர் வேலை என்றால் மெஷினுக்குத் தீனி போடுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ரோலரிலிருந்து வந்த இலை புளிக்கும்போது பச்சை செம்பு நிறமாகும். பச்சை வாசம் போய் பழ வாசம் வரும். அந்த வாசம் உச்சத்துக்கு வந்த நிமிஷத்தில் உலர்த்தியில் போடணும். முந்தினால் சாயம் கசக்கும், பிந்தினால் தட்டையாகிவிடும். மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு. நல்ல டீமேக்கர் இதை மூக்கால் பார்ப்பார். ரோலர் ஓட்டுகிறவர் சத்தத்தைக் கேட்டே இலை அதிகமாகிவிட்டது, எங்கேயோ இரும்பு உரசுகிறது என்று கண்டுபிடிப்பார். டீமேக்கருக்குப் பதவியும் பெயரும் கிடைத்தது. ரோலர்க்காரருடைய காதுக்குத் தனியாக ஒரு சம்பளம் யாரும் போடவில்லை.

இப்போது ஈரப்பதத்தையும் சூட்டையும் கருவிகள் அளக்கின்றன. சலித்த தூளிலிருந்து தண்டு பொறுக்க முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்தில் கலர் சோர்ட்டர் வந்துவிட்டது. கமரா பார்க்கும், காற்று ஊதித் தண்டைத் தள்ளும். எங்கள் ஊரில் ரோபோவுக்கு மிகக் கிட்ட வருகிற மெஷின் அதுதான்.

1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 'தானியங்கலின் முரண்கள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுருக்கமாக: எளிதான வேலையை எல்லாம் மெஷினிடம் கொடுத்துவிட்டு, மெஷின் தடுமாறும் நேரத்துக்கு மட்டும் மனிதரை வைக்கிறோம். அந்த நேரத்தில்தான் அதிகத் திறமை வேணும். ஆனால் தினமும் செய்யாததால் திறமை மழுங்கிவிட்டிருக்கும். சும்மா பார்த்துக்கொண்டே நிற்பது வேறு மனிதருக்கு மிகக் கஷ்டமான வேலை.

ஸ்டோருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கருவி சொல்லும் எண்ணை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு, கருவி பிழைத்த மழை இரவில் இலையின் வாசம் என்ன சொல்லும்? அந்த மூக்கை வளர்க்க யாரும் இனிமேல் காசு செலவழிக்க மாட்டார்கள் என்றால், இழப்பு தொழிலாளிக்கு மட்டுமில்லை, தேயிலைக்கும்தான்.

மெஷின் மலைக்கு வந்தது

நூறு வருஷத்துக்கு மேலாக மெஷின் ஸ்டோருக்குள்ளேயே இருந்தது. மலையில் கொழுந்து எடுப்பது பெண்களின் கை. மட்டக்கம்பை வாதின்மேல் போட்டு, அதற்கு மேலே நிற்கிற ரெண்டு இலையும் மொட்டும் மட்டும் விரலால் ஒடிக்கணும். முத்தின இலையைத் தொடக்கூடாது. கண் பார்க்கும் முன்னே விரல் முடிவு செய்யும். ஆனால் அங்கேயும் ஒரு மெஷின் இருந்தது: தராசு. மடுவத்தில் அது சொல்லுகிற கிலோதான் 'பேர்' விழுமா, அரைப்பேரா என்று தீர்மானித்தது. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்தது போகத்தான் கணக்கு. முள்ளு நகர்வதை எட்டிப் பார்க்கிற பெண்ணின் முகத்தில் இருந்த பதற்றமும் மனிதக் காரணிதான்.

இப்போது கத்தரியும், பெற்றோல் மெஷினும், பற்றரி மெஷினும் மலைக்கு ஏறிவிட்டன. ஜப்பானில் இது பழைய கதை. கத்தரி அங்கே போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இங்கே வந்ததற்குக் காரணம் ஆளில்லாமை. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியபோது (அதில் ஒரு கம்பனிக்கு வட்டவளை என்றே பெயர்) மூன்று லட்சத்துக்கும் மேல் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். இதைப் படிக்கிற நம்மில் பலரும் அப்படிப் போனவர்கள், போக நினைக்கிறவர்கள்.

மெஷினே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கழுத்து தேய்ந்த பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மெஷின் யாருடைய மலைக்காக, யாருடைய உடம்புக்காகச் செய்தது என்று பார்க்கணும். சமதரையில், வரிசை பிடித்த ஜப்பானியத் தோட்டத்தில் ரெண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நடக்கலாம். வட்டவளையில் வழுக்கும் சரிவு, நடுவில் கான், காலில் அட்டை. ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே நின்றால் பாரம் கீழே நிற்பவர் தோளில்தான் இறங்கும். இன்ஜின் சத்தத்தில் குளவி கலைந்த இரைச்சல் காதில் விழாது. தோட்டத்தில் குளவிக் கொட்டு உயிர் போகிற விஷயம்.

அதிர்வு இன்னொன்று. 1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்த உளி பிடித்த கல்வெட்டுத் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். அதிரும் கருவியை நீண்ட நாள் பிடித்தால் விரலின் ரத்தக் குழாயும் நரம்பும் கெடும், குளிரும் ஈரமும் அதை மோசமாக்கும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். குளிரும் ஈரமும் என்றால் அது எந்த ஊர்? வட்டவளையில் ஜூன் மாசத்துக் காலை நேரம்.

அதோடு கிலோக் கணக்கு. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. உடனே பல தோட்டங்களில் 18 கிலோவாக இருந்த அளவு 20ஐத் தாண்டியது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ஒவ்வொரு உயர்வுக்கும் பின்னால் "எத்தனை கிலோவுக்கு?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. கைக்கு ஒரு அளவு இருந்தது, ஏனென்றால் கை களைக்கும். மெஷின் வந்த பிறகு அளவை மெஷினின் வேகத்தில் வைத்துவிட்டால், களைப்பது மட்டும் பழைய உடம்பாகவே இருக்கும்.

இது எங்கே போய் முடியும் என்பதைக் கென்யா காட்டியது. 2023 மே மாசம் கெரிச்சோவில் கொழுந்து வெட்டும் மெஷின்கள் கொளுத்தப்பட்டன. மெஷின் வந்தது, வேலை போனது. நெருப்பு அதற்கு அப்புறம் வந்தது.

அகமதாபாத்தில் நடந்த ஒன்று

வேறு விதமாகவும் நடக்கலாம். 1950களின் தொடக்கத்தில் அகமதாபாத் கேலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் போட்டார்கள். 224 தறி, 29 ஆட்கள், 12 வகை வேலை. நூல் அறுந்தால் ஒருத்தர், நாடா நிரப்ப ஒருத்தர், எண்ணெய் விட ஒருத்தர் என்று ஆளை மெஷினுக்கு ஏற்ப வெட்டிப் பிரித்திருந்தார்கள். யாருக்கும் யாரோடும் சம்பந்தமில்லை. புது மெஷின், ஆனால் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை.

லண்டன் டாவிஸ்டொக் நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளர் 1953இல் வந்து பார்த்தார். ஏழு ஏழு பேராகக் குழு சேர்ந்து, ஒரு குழு 64 தறியை முழுசாகப் பொறுப்பெடுத்தால் என்ன என்று ஒரு யோசனையை வைத்தார். தொழிலாளர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேருவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். தறி அதேதான், ஆட்களும் அதேதான். உற்பத்தி கூடியது, துணியில் பழுது குறைந்தது.

மலையில் நிரை பிடித்துப் பேசிக்கொண்டே கொழுந்தெடுத்த பெண்களுக்கு இது புதுசாகத் தெரியாது. ஒருத்தி பிந்தினால் பக்கத்து நிரைக்காரி ரெண்டு கை கொழுந்து அள்ளிப் போடுவாள். மெஷினோடு வேலையைத் திட்டம் போடுகிறவர்கள் அந்த உதவியைக் கணக்கில் எடுத்ததில்லை. கிலோவில் அது தெரியாது.

நாம் கேட்க வேண்டியது

2003இல் குடியுரிமைச் சட்டம் திருந்தியது. நம்ம தலைமுறைக்கு வாக்கு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. நம்மில் சிலர் இன்ஜினியர்கள், சிலர் தொழிற்சங்கத்தில், சிலர் தொழில் திணைக்களத்தில். நாளைக்கு ட்ரோனும், கண்ணுள்ள கொழுந்து ரோபோவும் மலைக்கு வரும்போது "எத்தனை ஆளை மிச்சப்படுத்தும்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு முன்னால் நாம் வேறு சிலதைக் கேட்கணும். அதை நிறுத்துகிற பொத்தான் யார் கையில்? நிறுத்தினால் அன்றைக்குப் பேர் விழுமா? எத்தனை கிலோ என்பதை யாரோடு பேசி முடிவு செய்தீர்கள்? மழை நாளில் இதை எத்தனை மணி நேரம் பிடிக்கலாம்? மெஷின் ஓட்டுகிற வேலைக்கு ஆண்களை மட்டும் எடுப்பீர்களா, இத்தனை காலம் கொழுந்தெடுத்த பெண்களுக்கும் பழக்கிக் கொடுப்பீர்களா? மிச்சமாகிற காசில் லயத்துக்கு எவ்வளவு வரும்?

பங்களா வராந்தா மேசையில் தேயிலையை உருட்டிய கைகளிடம் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கைகளுக்குப் பெயர்கூடப் பதிவாகவில்லை. பதில் எழுத்தில் வரும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்கணும்.